பாலைவனத்து ஸ்னோவும் ஒரு கடதாசிப் பையும்

1

நேற்றுப் பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முதலே மகள் தர்ஷி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வருகிற கோடை விடுமுறைக்கு ஒரு பூங்காவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையாம். அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு உள்ளுக்குள் புளுகமும் சந்தோஷமும்தான். ஆனால் அதை முகத்தில் காட்டுகிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

"எல்லாம் நிரப்பிப்போட்டன் அப்பா. ஒரு கேள்விதான் மிச்சம். நான் கனடாவில லாண்ட் பண்ணின டேற்றும் அந்தப் பேப்பர் நம்பரும் வேணுமாம். பையில கிடக்கும்தானே?"

எங்கள் வீட்டில் கைப்பை, பள்ளிப்பை, சாமான் பை என்று பத்துப் பை கிடக்கும். ஆனால் வெறுமனே 'பை' என்றால் அது ஒன்றுதான். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற மண்ணிற றெக்சின் பை. எங்கள் மூன்று பேருடைய பிறப்பு, படிப்பு, கலியாணம், வழக்கு, குடியுரிமை எல்லாம் அதற்குள்தான்.

"சாப்பிட்டிட்டுப் பாப்பம்" என்றேன். சாப்பிட்டு முடிந்ததும், "நாளைக்குப் பாப்பம்" என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, ஒரு பையைத் திறக்க இந்த மனிசனுக்கு என்ன பஞ்சி, என்ன சோம்பல் என்று தோன்றும். பஞ்சி இல்லை, வெட்கம். அந்தப் பையை அவளுக்கு முன்னால் திறக்க எனக்கு இன்றைக்கும் முகம் இல்லை. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் மாடியின் யன்னலுக்கு வெளியே மார்ச் மாதத்து ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முதல் இதே மார்ச் மாதம், பள்ளி விடுமுறையில்தான் அந்தக் கதை நடந்தது. நடந்தது ரொறன்ரோவில் இல்லை, பாலைவனத்தில்.

2

முதலில் பையின் கதையைச் சொல்லவேண்டும். அது என்னுடைய பை இல்லை, என் மனைவி சறோவினுடையது. எண்பதுகளில் நான் தனியாகக் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது தர்ஷிக்கு மூன்று வயது. நான் வழக்கு முடித்து அவர்களைக் கூப்பிட மூன்று வருஷம் பிடித்தது. அந்த மூன்று வருஷமும் ஷெல் அடிக்கும்போதெல்லாம் சறோ பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு பங்கருக்கு ஓடியிருக்கிறாள். அயலட்டையில் எல்லோரும் கத்துவது ஒரே வசனம்: "ஒண்டும் எடுக்காத, ஓடு."

நான் அந்த நேரம் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? வீடு வீடாக விளம்பரத் தாள் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் வின்ரருக்கு என்னிடம் இருந்தது ஒரு மெல்லிய ஜக்கெற். கூட வேலை செய்த பெடியன் ஒருத்தன், "அண்ணை, நாலு விளம்பரத்தை எடுத்து சேட்டுக்குள்ள செருகுங்கோ, காத்து நெஞ்சில அடிக்காது" என்று சொல்லித் தந்தான். பீற்சா விளம்பரமும் கட்டில் விளம்பரமும் நெஞ்சில் சரசரக்க நான் முதல் வின்ரரைத் தாண்டினேன். இதைக் கடிதத்தில் எழுதியபோது சறோ அழுததாகப் பிறகு சொன்னாள்.

இரவில் கடதாசி அடுக்குவேன். அகதி வழக்கு என்றால் கடதாசிதான். நீ பட்ட கஷ்டத்தை நீ சொன்னால் காணாது, ஒரு தாள் சொல்லவேண்டும். என்னோடு ஒரே அறையில் இருந்த சிவா என்கிறவனுக்கு வீட்டோடு எல்லாக் கடதாசியும் எரிந்துபோயிற்று. தான் தான்தான் என்று நிரூபிக்க அவன் பட்ட பாடு நாய் படாது. விசாரணைக்குப் போய் வந்து கட்டிலில் இருந்து, "அண்ணை, என்ரை பேர் என்ன எண்டு எனக்கே இப்ப சந்தேகமாக் கிடக்கு" என்பான். சிரிப்பான். நானும் சிரிப்பேன். அதற்குப் பிறகு என் கடதாசிகளை ஒரு தரம் எண்ணிவிட்டுத்தான் படுப்பேன்.

ஆகையால் சறோ பையோடு வந்து இறங்கியதும், அந்தப் பையை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். அவளுக்குச் சீதனமாக எழுதின வீட்டு உறுதிப் பத்திரமும் அதற்குள்தான் இருந்தது. எங்கே போனாலும் பை கூட வரும். கல்யாண வீட்டுக்கு வரும், நயகரா நீர்வீழ்ச்சி பார்க்க வரும். "கண்டறியாத பை. ஆரும் உங்களைத் திருப்பி அனுப்பப் போறாங்களே?" என்று சறோ கேட்பாள். குடியுரிமை கிடைத்த பிறகும் நான் விடவில்லை. உண்மையைச் சொன்னால், நான் ஷெல்லுக்குப் பயந்ததைவிடக் கடதாசி துலைவதற்குத்தான் கூடப் பயந்தவன்.

3

சறோவின் தம்பி ரஞ்சன் அரிசோனாவில் இஞ்சினியர். "அக்கா, ஒருக்கா வாங்கோவன். இஞ்ச மார்ச்சிலயே சித்திரை வெயில்" என்று ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவான். அந்த வருஷம் போனோம்.

ரொறன்ரோவில் புறப்படும்போது சைபருக்குக் கீழே பன்னிரண்டு. என்னோடு வேலை செய்கிறவர் எங்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். இந்த ஊர் ஆட்கள் வெயில் நாட்டுக்குப் போகும்போது செய்கிற ஒரு வேலை இருக்கிறது. வாசலில் வைத்தே வின்ரர் ஜக்கெற்றுகளைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு, வெறும் சேட்டோடு நடுங்கி நடுங்கி உள்ளே ஓடுவார்கள். போகிற இடத்துக்கு அந்தப் பாரத்தை ஏன் காவுவான் என்று. நாங்களும் அப்படித்தான் எறிந்தோம். கையுறை, தொப்பி, பூட்ஸ் எல்லாம். தர்ஷிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவோடு சேர்ந்து சிரிக்கிற கடைசி வயது அதுதான் என்று நினைக்கிறேன்.

ரஞ்சனின் வீட்டில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தோம். மூன்றாம் நாள், மலைக்குப் போய்க் கூடாரம் அடித்து ஒரு நாள் தங்கவேண்டும் என்று தர்ஷி கேட்டாள். வகுப்பில் வெள்ளைப் பிள்ளைகள் எல்லாம் காம்பிங் போன கதை சொல்வார்களாம், தனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையாம். ரஞ்சனுக்கு வேலை, வர ஏலாது. தன் காரையும் கூடாரத்தையும் தந்தான்.

"அத்தான், அந்த இடம் ஏழாயிரம் அடி. மேல குளிரும். என்ரை ஜக்கெற் ரெண்டு கிடக்கு, கொண்டுபோங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டு வின்ரர் வான் ஓடினவன் நான். குளிரைப் பற்றி நீர் எனக்குச் சொல்லுறீரோ?" என்றேன். நான் கூரியர் வான் ஓட்டுகிறவன். ரெக்ஸ்டேலில் இருந்து விட்பி வரைக்கும் ஸ்னோவுக்குள் பொதி கொண்டுபோனவன். வாய்க்கொழுப்பு என்று இதைத்தான் சொல்கிறது.

போகும் வழி வடிவுதான், சும்மா சொல்லக்கூடாது. ஆளைவிட உயர்ந்த கள்ளிகள் றோட்டோரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. மலை ஏற ஏறக் கள்ளி குறைந்து பைன் மரம் தொடங்கியது. மேலே வெயில் இதமாக இருந்தது. சறோ பிட்டும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடவே ஒரு தாச்சிச் சட்டி, ஒரு சின்ன அடுப்பு, மூன்று நாளைக்குப் போதுமான சாமான். நான் பையைக் கொண்டு வந்திருந்தேன்.

அந்த இடத்தில் எங்களைத் தவிர இருந்தது ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி. பொழுதுபட முதல் அவர்கள் சாமான்களைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். மனிசன் எங்களிடம் வந்து வானத்தைக் காட்டி, காலநிலை மாறப் போகிறது, நீங்களும் இறங்குவது நல்லது என்றார். "நாங்கள் கனடா" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். "சொல்லுறதைக் கேட்டால் என்ன குறைஞ்சு போவியள்?" என்றாள் சறோ.

4

விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. முகத்தில் ஏதோ ஈரமாக அழுத்த, கண் விழித்தேன். கூடாரத்தின் கூரை என் மூக்குக்கு மேலே வந்து நின்றது. கையால் தள்ளினேன், மணல் மூட்டை மாதிரி இருந்தது. கூடார வாசலின் சிப்பைக் கொஞ்சம் திறந்து பார்த்தால் வெளியே எல்லாம் வெள்ளை. கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கும்பி. கொட்டுகிற ஸ்னோவில் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடாரத்தின் ஒரு தடி முறிந்தது. சடார் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குள் எங்கேயோ போய் விழுந்தது. என் வாயில் இருந்து வந்தது இதுதான்:

"ஒண்டும் எடுக்காதேங்கோ, ஓடுங்கோ. காருக்கு ஓடுங்கோ."

தர்ஷி நித்திரைத் தூக்கத்தில் எதையோ தேடித் தடவினாள். "அப்பா, வெயிற்" என்றாள். "ஒண்டும் எடுக்காத எண்டு சொன்னனெல்லே" என்று கத்தி அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். சறோ அவளைத் தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு ஓடினாள். நான் திரும்பித் தலையணைக்குக் கீழே கையை விட்டேன். பையை எடுத்தேன். பிறகுதான் ஓடினேன். எனக்குப் பின்னால் கூடாரம் அப்படியே படுத்துவிட்டது.

காரில் ஸ்னோ தட்டுகிற தூரிகையும் இல்லை, ஐஸ் சுரண்டுகிற தகடும் இல்லை. அரிசோனாக்காரன் அதுகளை ஏன் வைத்திருப்பான்? என்னுடைய ஹெல்த் கார்ட்டை எடுத்துக் கண்ணாடியைச் சுரண்டினேன். ரயர் நாலும் உள்ளங்கை மாதிரி வழுவழுப்பு. றோட்டை மூடிவிட்டால் மேலேயே கிடந்து விறைக்கவேண்டும், ஆகவே உடனே இறங்குவது என்று முடிவெடுத்தேன். பிரேக்கில் கால் வைக்காமல் சின்னக் கியரில் ஊர்ந்தேன். உள்ளதைச் சொன்னால் அந்த நேரம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. பை மடியில் கிடந்தது. "எல்லாம் போனாலும் இது கிடக்குத்தானே" என்று சறோவிடம் சொன்னேன்.

நாலு மைல் இறங்கியிருப்போம். பின்னால் தர்ஷி ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். கத்தினதுக்குக் கோவித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த வயதில் கோவித்தால் அவள் இரண்டு நாள் கதைக்கமாட்டாள். அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. சறோதான் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, காரை நிப்பாட்டுங்கோ. பிள்ளைக்கு முட்டு."

தர்ஷிக்குச் சின்ன வயதில் இருந்தே தொய்வு. குளிர் காற்றில் ஓடினால் நெஞ்சு இறுகி மூச்சு உள்ளே போகாது. அதற்கு வாயில் அடிக்கிற ஒரு நீலப் பஃபர் இருக்கிறது. இரண்டு தரம் அடித்தால் சரியாகிவிடும், அடிக்காவிட்டால் ஆபத்து. அது எப்பவும் அவளுடைய முதுகுப் பையில் இருக்கும். முதுகுப் பை கூடாரத்துக்குள்.

திரும்பிப் பார்த்தேன். தோள் இரண்டும் காதுக்குக் கிட்ட ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கதைக்காமல் இருந்தது கோபத்தில் இல்லை, கதைக்க மூச்சு இல்லாமல். கூடாரத்துக்குள் அவள் தடவித் தேடியது எதை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

5

கீழே ஊருக்கு இன்னும் முப்பது மைல். அந்த வேகத்தில் இரண்டு மணித்தியாலம். மேலே கூடாரத்துக்கு நாலு மைல். காரைத் திருப்பினேன்.

இறங்கிய மலையில் ஏற அந்தக் காரால் ஏலவில்லை. மூன்று மைல் எப்படியோ ஏறியது. கடைசி வளைவில் ரயர் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. கார் பக்கவாட்டில் வழுக்கிப் போய் ஒரு மரத்தடியில் சாய்ந்து நின்றது. எட்டு வின்ரர் கண்டவன், பட்டப்பகலில், பாலைவனத்து நாட்டில் ஸ்னோவில் புதைந்து நின்றேன். ஆனைக்கும் அடிசறுக்கும் என்பார்கள். நான் ஆனையும் இல்லை.

"நான் நடந்துபோய் எடுத்துவாறன்" என்றேன். என் உடம்பில் ஒரு பருத்திச் சேட்டும் காற்சட்டையும். காலில் ஓடுகிற சப்பாத்து. சறோ காரில் கிடந்த பாண் சுற்றின பிளாஸ்ரிக் பைகளை என் காலில் மாட்டிக் கட்டினாள். பிறகு என் மடியில் இருந்த பையைப் பறித்துச் சிப்பை இழுத்தாள். இரவு காரிலேயே விட்டிருந்த சறோவின் கைப்பையில் குடியுரிமை அட்டைகள் பத்திரமாக இருந்தன. மிச்சம் எல்லாவற்றையும் அள்ளி எடுத்தாள்.

"சேட்டைத் திறவுங்கோ."

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் நாணிப்போகிறேன். "சறோ, அது நனைஞ்சுபோமே" என்றேன்.

சறோ அதிகம் கதைக்கிறவள் இல்லை. என்னை எதிர்த்துக் கதைத்தது கலியாணம் கட்டி அதுவரையில் நாலைந்து தரம்தான் இருக்கும். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்க மூண்டு வருஷம் நான் ஓடினனான். பிள்ளை ஒரு பக்கம், பை ஒரு பக்கம். ரெண்டில ஒண்டை விடவேண்டி வந்திருந்தால் நான் எதை விட்டிருப்பன் எண்டு நினைக்கிறீங்கள்?"

நான் சேட்டைத் திறந்தேன். பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்களை ஒரு பக்கம் செருகினாள். என் அகதி வழக்கின் நாற்பது பக்க வாக்குமூலத்தை மற்றப் பக்கம். கனடாவில் குடியேற விட்ட லாண்டிங் பேப்பர்கள், வக்கீலின் கடிதங்கள். கடைசியாக மடித்து வைத்திருந்த ஒரு பழுப்புத் தாள் கட்டை எடுத்தாள். அவளுடைய சீதன வீட்டு உறுதி. அவளுடைய அப்பா உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டில் இருந்து கையெழுத்து வைத்துக் கொடுத்தது. ஒரு கணம் கூடத் தயங்காமல் அதை என் நெஞ்சுக்கு நேரே வைத்துப் பொத்தானைப் பூட்டினாள்.

"இது தடிச்ச கடதாசி. காத்துப் போகாது. கெதியாப் போட்டு வாங்கோ."

நடந்தேன். முழங்கால் வரைக்கும் ஸ்னோ. அடிக்கு ஒரு தரம் நெஞ்சுக்குள் கடதாசி சரசரத்தது. முதல் வின்ரரில் கேட்ட அதே சத்தம். அப்போது எனக்குள் இருந்தது பீற்சா விளம்பரம், இப்போது என் முழுச் சீவியமும். அழுதுகொண்டு நடந்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை, ஆகவே வடிவாக அழுதேன். 'பிள்ளை மூச்சு விடவேணும், பிள்ளை மூச்சு விடவேணும்' என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. முருகா, நல்லூரானே என்று கூப்பிட்டது கூட இடையில் எங்கேயோ ஒரு தரம்தான்.

கூடாரம் இருந்த இடத்தில் ஒரு மேடு. வெளியே வைத்திருந்த தாச்சி கையில் அகப்பட்டது. தாச்சியால் ஸ்னோவை அள்ளி அள்ளி எறிந்து, கூடாரச் சீலையைக் கிழித்து உள்ளே கையை விட்டேன். முதலில் வந்தது மீன் குழம்புப் போத்தல். அடுத்து ஒரு செருப்பு. மூன்றாவதாக அவளுடைய முதுகுப் பை. பஃபர் ஐஸ் கட்டியாகக் குளிர்ந்து கிடந்தது. அடித்துப் பார்த்தேன், ஒழுங்காக வரவில்லை. அதை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். ஐந்து தரமாவது விழுந்திருப்பேன். கையை ஊன்ற ஏலாது, அக்குளில் பஃபர். அதனால் விழும்போதெல்லாம் முகம் அடிபடத்தான் விழுந்தேன்.

கார்க் கதவைத் திறந்தபோது சறோ பிள்ளையை நிமிர்த்தி வைத்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஒண்டு... ரெண்டு... மெல்ல விடு... மூண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். தர்ஷியின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. பஃபரை எடுத்து என் வாயால் ஊதிச் சூடாக்கிக் கொடுத்தேன். ஒரு தரம். இரண்டு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. தோள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது.

மத்தியானம் போல மஞ்சள் நிறத்து ஸ்னோ அள்ளுகிற லொறி ஒன்று மேலே வந்தது. அதன் சாரதி எங்களை இழுத்து விட்டு, தனக்குப் பின்னால் வரச் சொன்னான். பாதி வழியில் வானம் வெளித்தது. கீழே பழையபடி கள்ளி, வெயில். ஒன்றும் நடக்காத மாதிரி.

அப்போது தர்ஷி பேசினாள். அவள் சண்டை பிடிக்கிறதென்றால் ஆங்கிலத்தில்தான் பிடிப்பாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"என்னை ஒண்டும் எடுக்காத எண்டு சொன்னனீங்கள். ஆனா நீங்கள் உந்தப் பையை எடுத்தனீங்கள்."

கத்தவில்லை. கோபமாகக் கூடச் சொல்லவில்லை. நான் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

ரஞ்சன் வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப்போடுகிற ஒரு கொடி இருந்தது. சறோ கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உடுப்புக் கிளிப் போட்டுக் காயவிட்டாள். பாலைவனத்து வெயிலில் பத்து நிமிஷத்தில் அப்பளம் மாதிரிக் காய்ந்தன. என் வாக்குமூலத்தில் பாதி அழிந்துவிட்டது. மற்றவை மங்கிக் கிடந்தன, வாசிக்கலாம். உறுதியில் முத்திரை தெரிந்தது. எழுத்தெல்லாம் நீல மேகமாக ஊறிப் போயிருந்தது. என் வேர்வையாலா ஸ்னோவாலா தெரியாது. ரஞ்சன் கூடாரம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறுதியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அப்பான்ரை..." என்று தொடங்கினான். "ஓம், தெரியும்" என்று சறோ அடுத்த கிளிப்பைப் போட்டாள்.

திரும்பி வரும்போது ரொறன்ரோ விமான நிலையத்தில் இருந்த குடிவரவு அதிகாரி எங்கள் மூன்று பேருடைய அட்டையையும் பார்த்துவிட்டு, நல்வரவு என்றான். வேறு ஒரு தாளும் கேட்கவில்லை. ஒரு பத்திரத்துக்கு மட்டும் பிரதி எடுக்க ஒரு கந்தோருக்குப் போனேன். எப்படிப் பழுதாயிற்று என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"ஸ்னோ."

"எந்த மாகாணத்தில்?"

"அரிசோனா."

அவள் பேனையை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு 'தண்ணீர்' என்று எழுதினாள்.

பை பழையபடி ஆணிக்குப் போனது. சறோ அதைப் பற்றி ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தர்ஷியும் பேசவில்லை. ஆனால் அந்த வருஷத்தோடு அவள் வேறு ஆளாகிவிட்டாள். அறைக் கதவு மூடத் தொடங்கியது. ரெலிபோன், சிநேகிதிகள், ஆங்கிலம். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று ஆட்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மூடின கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்க் கண்ணாடியும் அவள் சொன்ன அந்த வசனமும்தான் ஞாபகம் வரும். அவளைக் கூப்பிட்டு இருத்தி, 'பிள்ளை, அப்பா உன்னை விட்டிட்டுக் கடதாசியை எடுக்கேல்லை, அது கை தானாப் போனது' என்று சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் அது இன்னும் பிழையாகக் கேட்கும் என்று விட்டுவிட்டேன்.

7

இன்றைக்கு எனக்கு வேலை இல்லை. சறோ வேலைக்கும் தர்ஷி பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். தாள்கள் இப்போதும் நெளிந்துதான் கிடக்கின்றன. தர்ஷியின் லாண்டிங் பேப்பர் வழமையான இடத்தில் இல்லை. சறோ காய்ந்த தாள்களை எந்த ஒழுங்கில் அடுக்கினாளோ. முழுவதையும் கொட்டினேன், இல்லை. பையின் பக்கத்தில் ஒரு சின்னச் சிப் அறை இருக்கிறது. அதில் நான் ஒன்றும் வைப்பதில்லை. இருந்தாலும் ஒருக்கால் பார்ப்போம் என்று இழுத்தேன்.

லாண்டிங் பேப்பர் நாலாக மடித்தபடி அதற்குள் இருந்தது. அதோடு ஒரு நீலப் பஃபர்.

அன்றைய பஃபர்தான் இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது என்று நினைத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். புத்தம் புதிது. முடிகிற திகதி அடுத்த வருஷம்.

சறோவுக்கு வேலைக்கு ரெலிபோன் எடுத்தேன். "நானோ? நான் ஏன் உங்கட பையைத் தொடுறன்?" என்றாள்.

தர்ஷி நாலு மணிக்கு வந்தாள். நான் மிச்சத் தாள்களைப் பைக்குள் அடுக்கிவிட்டு, மேசையில் லாண்டிங் பேப்பரையும் பஃபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். அவள் பேப்பரை எடுத்து இலக்கத்தைப் பார்த்துப் படிவத்தில் எழுதினாள்.

"பிள்ளை, உது ஆர் வைச்சது?"

நிமிராமலே சொன்னாள். "நான்தான். கிரேட் செவனில, அரிசோனாவால வந்த கிழமையே வைச்சனான். பேந்து ஒவ்வொரு வருஷமும் டேற் முடிய முதல் மாத்துறனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

அவள் பஃபரை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனாள். ஆணியில் பையை மாட்டி, சிப் அறைக்குள் அதை வைத்து இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சொல்லி என்ன அப்பா? எது நடந்தாலும் நீங்கள் உந்தப் பையைத்தானே முதல் தூக்குவீங்கள்."